கதையில் வந்த நன்னி



கதை எழுதப் பழக வேண்டும் என்னும் ஆசை நாற்பது வயதைத் தாண்டிய பிறகுதான் நமக்கு வந்தது. அதற்கு முன் நாம் எழுதியவை எல்லாம் பாடக் குறிப்புகளும் மீலாது விழாக் கட்டுரைகளும்தாம். காஞ்சிபுரத்தில் ஒரு சிறிய நிஸ்வான் மதரஸாவில் தஜ்வீதும் ஃபிக்ஹும் கற்பித்து வருகிறோம். ஆண்டு இறுதியில் மாணவியர் கையெழுத்து இதழ் ஒன்று தயாரிப்பது வழக்கம். அவ்விதழுக்குக் கதை எழுதச் சொன்னபோது, முன் வரிசையில் இருந்த ஒரு பிள்ளை எழுந்து, “ஆபா, இல்லாத ஆளை இருக்கிற மாதிரி எழுதுறது பொய் சொல்றதுல சேராதா?” என்று கேட்டாள்.

நல்ல கேள்வி. அரபிக் கல்லூரிகளின் மேல் வகுப்புகளில் ஓதிக்கொடுக்கப்படும் ‘மகாமாத்’தை அவளுக்கு எடுத்துச் சொன்னோம். பஸராவின் அல்ஹரீரி (1054–1122) இயற்றிய 50 மகாமாக்கள் அவை. அவற்றில் ஊர் ஊராகச் சென்று நாவன்மையால் மக்களை ஏமாற்றிப் பணம் பறிக்கும் அபூ ஸைத் என்னும் கிழவர் வருகிறார். கற்பனையான ஆள் அவர். குணத்தாலும் பின்பற்றத்தக்கவர் அல்லர். இருந்தும் எத்தனையோ தலைமுறை ஆலிம்கள் அரபு மொழியின் நயத்தை அவருடைய வாயிலிருந்தே கற்றார்கள். நம் நாட்டுப் பஞ்சதந்திரம் பாரசீகம் வழியாக அரபுக்குச் சென்று ‘கலீலா வ திம்னா’ ஆயிற்று. நரி பேசுவதைக் கேட்டு எவரும் ஏமாந்துவிடவில்லை. கேட்பவருக்கும் சொல்பவருக்கும் இது புனைவு என்று தெரிந்திருக்கும்போது அங்கே வஞ்சனை இல்லை என்று விளக்கினோம். பிள்ளை அமர்ந்துவிட்டாள்.

அந்தப் பதிலை இன்றும் மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் கதையில் பொய்யைவிட அருகில் வேறோர் ஆபத்து இருக்கிறது. அதை அவளும் கேட்கவில்லை. நமக்கும் அன்று தோன்றவில்லை.

பிள்ளைகளை எழுதச் சொல்லிவிட்டு நாம் சும்மா இருப்பது அழகன்று என்று நாமும் ஒரு கதை எழுதினோம். கஞ்சத்தனம் பிடித்த ஒரு மாமியாரின் கதை. மருமகள் அடுப்பில் எண்ணெய் ஊற்றும்போது பக்கத்தில் நின்று பார்ப்பார். சோற்றுப் பானையில் ஒட்டிய பருக்கையைக் கணக்கு வைப்பார். தெருவில் கிடக்கும் நூல் துண்டைக்கூட எடுத்து முந்தானையில் முடிந்துகொள்வார். இறுதியில் நோயுற்று, மருமகளின் பணிவிடையால் மனம் உருகித் திருந்துவார். (நம் மாணவியர் எழுதும் கதைகளிலும் கெட்டவர்கள் எல்லாரும் மக்ரிபுக்கு முன் தவ்பா செய்துவிடுவார்கள். அந்தப் பழக்கம் அவர்களுக்கு எங்கிருந்து வந்தது என்று அப்போது நாம் யோசிக்கவில்லை.)

பெயரை மாற்றினோம், தெருவை மாற்றினோம். ஆனால் நூல் துண்டை மாற்றவில்லை. அதுதான் கதையின் அழகான இடம் என்று நமக்குள் ஒரு பெருமை. அந்த நூல் துண்டு, நம் வீட்டுக்கு நான்கு வீடு தள்ளி வசிக்கும் ஒரு மூதாட்டியினுடையது. தெருப் பிள்ளைகளெல்லாம் அவரை ‘நன்னி’ என்பார்கள். நாமும் அப்படியே அழைப்போம். கணவர் மறைந்த பின், பக்கத்துத் தெரு நெசவாளர் வீடுகளுக்குத் தார் சுற்றிக் கொடுத்துப் பிள்ளைகளை ஆளாக்கியவர்.

கையெழுத்து இதழின் பக்கங்களை யாரோ கைப்பேசியில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார்கள். ஒரு வாரத்திற்குள் தெரு முழுவதும் படித்துவிட்டது. படித்த எவருக்கும் அது யார் என்பதில் ஐயம் இருக்கவில்லை. அச்சமயம் நன்னியின் பேரனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பது நமக்குத் தெரியாது. வேலூர்ப் பக்கத்துச் சம்பந்தம் ஒன்று ஏறக்குறையப் பேசி முடிந்திருந்ததாம். அது கூடவில்லை. நம் கதைதான் காரணம் என்று எவரும் சொல்லவில்லை. காரணம் என்னவென்று கேட்கும் துணிவு நமக்கு இன்றுவரை வரவில்லை.

புறம் பேசுதல் பற்றிய பாடத்தை ஆண்டுதோறும் நாம்தான் நடத்துகிறோம். ஒரு சகோதரரைப் பற்றி அவர் வெறுப்பதைச் சொல்வது புறம். அது அவரிடம் உண்மையிலேயே இருந்தால்தான் அது புறம், இல்லாவிட்டால் அவதூறு என்று நபி (ஸல்) அவர்கள் விளக்கிய ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) இஹ்யாவில் இன்னும் நுட்பமாகச் செல்கிறார்கள். நாவால் சொல்வது மட்டுமன்று. கண்ணால் சாடை காட்டுவதும், நடந்து காட்டுவதும், எழுதுவதும் புறமே. பெயரைக் குறிப்பிடாவிட்டாலும் கேட்பவருக்கு ஆள் இன்னார் என்று விளங்கினால் அதுவும் அதில் அடங்கும். இதைக் கரும்பலகையில் எழுதிப் போட்டவர் நாம். அதே கையால்தான் கதையையும் எழுதினோம்.

மன்னிப்புக் கேட்க ஓர் அஸருக்குப் பின் போனோம். நன்னி திண்ணையில் அமர்ந்து ராட்டையைச் சுற்றிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்துவிட்டுக் கையை நிறுத்தாமலே, “வாம்மா, என்னை எழுதினியாமே” என்றார். நாம் தலை குனிந்து நின்றோம். எழுதியது தவறு, அல்லாஹ்வுக்காகப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று எப்படியோ சொல்லி முடித்தோம். அவர் உடனே விடை சொல்லவில்லை. சுற்றி முடித்த தாரை எடுத்துத் தட்டில் வைத்தார்.

“பேத்தி படிச்சுக் காமிச்சா. நூலை எடுத்து முடிஞ்சுப்பான்னு எழுதியிருக்கே, அது நெசந்தான். ஏன் முடிஞ்சுப்பேன்னு கேட்டியா?”

கேட்கவில்லை. நான்கு வீடு தள்ளி இத்தனை ஆண்டுகள் இருந்தும் கேட்கவில்லை.

அவரே சொன்னார். பட்டு நூலை முதலாளி நிறுத்துத்தான் கொடுப்பார். ஜரிகையும் அப்படியே. சேலை தறியிலிருந்து இறங்கிய பின் மறுபடியும் நிறுத்துப் பார்ப்பார்கள். எடை குறைந்தால் நெசவாளரின் கூலியில் பிடித்தம். நெசவாளர் திரும்பித் தார் சுற்றியவரைப் பார்ப்பார். சுற்றும்போது அறுந்து விழுகிற இழையையும் ஒரு பொட்டலத்தில் போட்டுக் கணக்குக் காட்ட வேண்டும். “முப்பது வருசமா அடுத்தவங்க பட்டு என் கையில இருக்கு. ஒரு நாளும் ஒரு சொல் கேட்டதில்ல. அந்தக் கண்ணு எண்ணெயையும் பாக்கும், அரிசியையும் பாக்கும். நான் என்ன பண்ண?”

பிறகு பொறுத்துக்கொண்டதாகச் சொன்னார். தேநீரும் கொடுத்தார். சர்க்கரை அளவாகத்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்து கதையை எடுத்துப் பார்த்தபோது இரண்டு குற்றங்கள் தெரிந்தன. ஒன்று மார்க்கம் சார்ந்தது. மற்றொன்று எழுத்து சார்ந்தது. இரண்டுக்கும் வேர் ஒன்றே என்பது மெல்ல விளங்கியது. அவருடைய செயலை எடுத்துக்கொண்டு, அதன் காரணத்தை அவர் வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறோம். கேட்டிருந்தால் அந்தக் கதையே எழுதியிருக்க மாட்டோம். எழுதியிருந்தால் வேறொரு கதையாக இருந்திருக்கும்.

அதன் பின்னர்தான் நாவல்களை வாசிக்கத் தொடங்கினோம். அதுவரை நாவல் என்றாலே பொழுதைப் போக்கும் வீண் காரியம் என்ற எண்ணம் நமக்கு இருந்தது. நூலகத்தில் இருந்து முதலில் எடுத்து வந்தது சித்திலெவ்வையின் ‘அசன்பே சரித்திரம்’. கண்டியில் வழக்கறிஞராக இருந்து, ‘முஸ்லிம் நேசன்’ இதழை நடத்தியவர் அவர். ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ வெளிவந்து ஆறே ஆண்டுகளில், 1885இல், ஒரு முஸ்லிம் எழுதிய தமிழ் நாவல் வந்துவிட்டது என்பதே நமக்குப் புதிய செய்தி. எகிப்தில் பிறந்து கடத்தப்பட்டு இந்தியாவில் வளரும் பிள்ளையின் கதை. ஆனால் அதில் நல்லவர் நல்லவராகவே இருப்பார், தீயவர் தீயவராகவே இருப்பார். நம் கதைக்கு ஒரு மூத்த உறவு கிடைத்துவிட்டது என்று சிரித்துக்கொண்டோம். அக்காலத்தின் தேவை அது. சமுதாயத்தைத் தட்டி எழுப்பப் புறப்பட்டவரின் நூலில் அதைக் குறையாகச் சொல்வது நன்றாகாது. நமக்கு அந்தச் சாக்கு இல்லை.

நாகூர் சித்தி ஜுனைதா பேகத்தின் பெயரையும் அப்போதுதான் அறிந்தோம். மூன்றாம் வகுப்போடு பள்ளிப் படிப்பு நின்றுபோன பெண். 1938இல் ‘காதலா? கடமையா?’ என்னும் நாவலை வெளியிட்டார், அதற்கு உ.வே.சாமிநாதையர் முன்னுரை வழங்கினார். இதை வகுப்பில் சொன்ன அன்று, கேள்வி கேட்ட அந்தப் பிள்ளை இரண்டு முறை ஆண்டைக் கேட்டுக் குறித்துக்கொண்டாள்.

ஆனால் நம்மைப் பிடித்து நிறுத்தியவர் தோப்பில் முஹம்மது மீரான். கன்னியாகுமரி மாவட்டத்துத் தேங்காய்ப்பட்டணத்தில் 1944இல் பிறந்து, மலையாளப் பள்ளியில் படித்து, வற்றல் மிளகாய் வியாபாரம் செய்துகொண்டே தமிழில் எழுதியவர். ‘சாய்வு நாற்காலி’க்காக 1997இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றவர். அவருடைய ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ நம் கைக்கு வந்தபோது, முதல் சில பக்கங்களில் அந்த ஊர்ப் பேச்சு விளங்காமல் திணறினோம். காஞ்சிபுரத்துக் காதுக்கு அது வேற்றுமொழி போலவே ஒலித்தது. பிடி கிடைத்த பின் இஷாவுக்கும் தஹஜ்ஜுத்துக்கும் இடையில் தூங்காமல் படித்த இரவும் உண்டு.

அதில் வடக்கு வீட்டு அகமதுகண்ணு முதலாளி வருகிறார். ஊரைத் தன் காலடியில் வைத்திருப்பவர். ஆங்கிலப் பள்ளி வருவதை எதிர்ப்பவர். அவரை வெறுக்கத் தயாராகவே நாம் அமர்ந்தோம். வெறுக்கவும் செய்தோம். ஆனால் ஆசிரியர் நம்மைத் தெருவிலேயே நிறுத்தி வைக்கவில்லை. வீட்டுக்குள் அழைத்துப் போய், குறைந்துகொண்டே வரும் சொத்தையும் குறைய மறுக்கும் கௌரவத்தையும் காட்டுகிறார். முதலாளியின் அநீதியை எங்கும் அவர் நியாயப்படுத்தவில்லை. அநீதி செய்கிறவனும் இரவில் விளக்கை அணைத்துவிட்டு எதையோ நினைத்து விழித்திருப்பான் என்பதை மட்டும் நாம் மறக்காதபடி பார்த்துக்கொள்கிறார். மீரான் தம் ஊரை உள்ளிருந்து அறிந்தவர். நாம் நம் தெருவைச் சன்னல் வழியே பார்த்து எழுதினோம்.

இத்தனை நாவல்களைப் புரட்டிய பின், நாம் மனனம் செய்து, ஓதி, ஓதிக்கொடுத்து வரும் சூரா யூசுஃபிடம் திரும்பி வந்தோம். இறைவேதத்தை நாவலோடு ஒப்பிடுவதாக எவரும் எண்ண வேண்டாம்; அதில் வருபவை உண்மை வரலாறு, படைப்பவனின் சொல். நாம் சொல்ல வருவது நம் ஓதலில் இருந்த குறையைத்தான். யூசுஃப் நபியின் சகோதரர்களை வகுப்பில் எப்போதும் ‘பொறாமைக்காரர்கள்’ என்னும் ஒரே சொல்லில் கடந்து வந்திருக்கிறோம். ஆனால் அவர்களுள் ஒருவர் கொல்ல வேண்டாம் என்று தடுக்கிறார். கிணற்றில் போட்டால் வழிப்போக்கர் எவரேனும் எடுத்துச் செல்வார்கள் என்கிறார். பின்னர் எகிப்தில், தந்தைக்குக் கொடுத்த வாக்குறுதியை நினைத்து ஊர் திரும்ப மறுத்து நின்றுவிடும் மூத்தவரும் அவர்களுள் இருக்கிறார். அஸீஸின் மனைவி, நெடுங்காலம் கழித்து, தானே முன்வந்து உண்மையை ஒப்புக்கொள்கிறார். குற்றம் குற்றமாகவே நிற்கிறது; மனிதர்கள் அதற்குள் அடைபட்டுப் போகவில்லை. 111 வசனங்கள். எத்தனை ஆண்டுகள் ஓதியிருப்போம்!

இவ்வாண்டு வகுப்பில் ஒரு பயிற்சி வைத்தோம். அவரவர் கதையில் வரும் கெட்டவருக்கு எதைக் கண்டு பயம் என்று ஒரு பக்கம் எழுத வேண்டும். அந்தப் பக்கம் கதையில் வர வேண்டியதில்லை. உண்மையான ஆளை வைத்து எழுதினால் ஊர், தொழில், உறவு மூன்றையும் மாற்ற வேண்டும். மாற்றிய பின்னும் அந்த வீட்டார் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தோன்றினால் கிழித்துவிட வேண்டும். ஒரு பிள்ளை மூன்று முறை கிழித்தாள். நான்காவது முறை தன்னைப் பற்றியே எழுதிக் கொண்டுவந்தாள். அவளுடைய முந்தைய கதைகளை எல்லாம்விட அதுவே நன்றாக இருந்தது.

நம் கதையை நாமும் திரும்ப எழுதினோம். இம்முறை நன்னியின் இசைவோடு, அவர் பக்கத்தில் அமர்ந்து. மாமியார் இப்போது தார் சுற்றுபவராக இல்லை. அவருடைய மகன் நெசவாளராக ஆகியிருந்தான். அந்த மகன் கோர்வைச் சேலை நெய்யும் காட்சியை வாசித்துக் காட்டியபோது நன்னி ராட்டையை நிறுத்திவிட்டார்.

“ஒத்தை ஆளா கோர்வை நெய்யிறானா? உடம்புக்கு ஒரு நாடா, ரெண்டு கரைக்கும் ரெண்டு நாடா. பக்கத்துல ஒரு பையன் ஒக்காந்து அந்தக் கரை நாடாவைப் போடணும். பையன் எங்கே?”

பையன் இல்லை. சேர்த்தோம். சேர்த்தவுடன் அவனுக்கு ஒரு தாய் வந்தாள், பள்ளிக்கு அனுப்பாத ஒரு தகப்பன் வந்தான், மாமியார் யாரும் பார்க்காதபோது அவனுக்கு அரைத் தம்ளர் பால் கொடுத்தார். அந்தப் பாலை நாம் திட்டமிடவில்லை. மாமியார் திருந்தும் முடிவு தானாகவே உதிர்ந்துவிட்டது. எண்ணெயைப் பார்க்கும் அந்தக் கண் கடைசி வரியிலும் அப்படியே இருக்கிறது.

முழுவதையும் கேட்டுவிட்டு நன்னி நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “இது நான் இல்ல” என்றார். சற்றுப் பொறுத்து, “இருந்தாலும் பேரன் நிக்காஹ் முடியிற வரைக்கும் யாருக்கும் காமிக்காதே” என்றார்.

இப்போது ஆம்பூர்ப் பக்கம் ஒரு சம்பந்தம் பேசிக்கொண்டிருக்கிறார்கள். சென்ற வெள்ளியன்று தெருவில் கண்டபோது நம் கையைப் பிடித்து நிறுத்தி, “அந்த நோட்டு எங்கே இருக்கு?” என்று கேட்டார். பீரோவில் இருக்கிறது என்றோம்.

“பூட்டி வச்சிருக்கியா?”