பயந்தாலும் மாறாத முகம்

கோஸ்டாரிகாவின் பசிபிக் கரையில் உள்ள மானுவேல் அந்தோனியோ தேசியப் பூங்காவில் வழிகாட்டிகள் ஆளுக்கொரு முக்காலியும் தொலைநோக்கியும் சுமந்து நடக்கிறார்கள். எங்கள் வழிகாட்டி ஒரு செக்ரோப்பியா மரத்தை நோக்கித் தொலைநோக்கியைத் திருப்பிவைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார். வெறுங்கண்ணுக்குக் கிளைக் கவட்டில் ஒரு சாம்பல் உருண்டை மட்டும் தெரிந்தது. கண்ணாடி வழியே பார்த்தால் ரோமம், ரோமத்தில் படர்ந்த பச்சைப் பாசி, முதுகில் ஆரஞ்சுத் திட்டு, அதன் நடுவே கறுப்புக் கோடு. மூவிரல் ஸ்லாத். முதுகில் அந்தத் திட்டு இருந்தால் ஆண் என்றார்.

அது உடம்பை அசைக்காமல் தலையை மட்டும் திருப்பத் தொடங்கியது. திருப்பிக்கொண்டே போனது. மனிதனுக்கும் ஒட்டகச்சிவிங்கிக்கும் கழுத்தெலும்பு ஏழுதான். இதற்கு எட்டோ ஒன்பதோ உண்டு. அதனால் முக்கால் வட்டம் வரை தலை சுழலும். முகம் எங்கள் பக்கம் வந்தபோது கூட்டத்தில் எல்லோருக்கும் ஒரே குதூகலம். வாயோரம் மேல்நோக்கி வளைந்திருப்பதால் எப்போதும் புன்னகைப்பது போலிருக்கிறது. தூங்கும்போதும், வலிக்கும்போதும், பயத்தில் உறைந்திருக்கும்போதும் அதே முகம்தான் என்று வழிகாட்டி சொன்னதை யாரும் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை.

ஸ்லாத் சோம்பேறி என்ற பெயர் பழையது. 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு இயற்கையியலாளர் புஃபோன், இன்னும் ஒரு குறை கூடியிருந்தால் இந்த விலங்கால் உயிர்வாழவே முடிந்திருக்காது என்ற பொருளில் எழுதினார். ஒரு காலைப்பொழுது இந்த மரத்தடியில் நின்றிருந்தால் அப்படி எழுதியிருப்பாரா தெரியாது. மூவிரல் ஸ்லாத் உண்பது பெரும்பாலும் இலை. இலையில் சத்து குறைவு. செரிக்கப் பல நாட்கள் ஆகும். உடம்பில் தசையும் கொஞ்சம்தான். போதாததற்கு, அதன் விழித்திரையில் நிறமறியும் செல்களே கிடையாது. பட்டப்பகலில் கண் கூசும். ஆக, ஒவ்வொரு கிளையையும் முகர்ந்து, தொட்டு, இழுத்துப் பார்த்த பிறகே எடையை மாற்றுகிறது. நான் பார்த்ததற்குச் சோம்பல் என்று பெயர் சொல்ல எனக்கு மனம் வரவில்லை; எச்சரிக்கை என்பேன். தூக்கக் கணக்கிலும் இதே கதைதான். கூண்டில் இருந்தவை நாளுக்குப் பதினாறு மணிநேரம் தூங்கின என்பதை வைத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். 2008இல் பனாமாக் காட்டில் மூளை அலைகளைப் பதிவுசெய்து பார்த்தால், ஒன்பதரை மணிநேரத்துக்குச் சற்றே அதிகம்.

கடற்கரைக்குப் போகும் மரப்பாலத்தில்தான் நடந்தது. மேலே கிளைத்தொடர்ச்சி விட்டுப்போன இடத்தில் ஒரு ஸ்லாத் பாலத்தின் கைப்பிடியைப் பற்றிக் கடந்துகொண்டிருந்தது. சட்டென்று கூட்டம் சேர்ந்தது. செல்போன்கள் நெருங்க நெருங்க, அது அப்படியே நின்றுவிட்டது. "போஸ் கொடுக்கிறது!" என்று ஒருவர் கையை நீட்டினார். வழிகாட்டி குறுக்கே புகுந்து தடுத்தார். அவ்வளவு நேரமும் மெதுவாகப் பேசியவர் அப்போதுதான் குரலை உயர்த்தினார்.

ஹார்ப்பி கழுகும் காட்டுப்பூனை இனங்களும் அசைவைக் கண்டுதான் பாய்கின்றன. ஓடித் தப்ப முடியாத உடம்புக்கு அசையாமல் இருப்பதே தற்காப்பு. ஆக, சாதுவாக நிற்கிறது என்று நாம் மகிழும் அந்த நேரத்தில் அது நம்மிடம் மாட்டிக்கொண்டு திகைத்து நிற்கிறது. அமேசான் பகுதியில் ஸ்லாத்தைப் பயணிகளின் கையில் கொடுத்துப் படமெடுக்க வைக்கும் வியாபாரம் உண்டு. கழுத்தைக் கட்டிக்கொள்கிறதே என்று பலர் உருகிப்போகிறார்கள். கைக்குக் கிடைத்த மரத்தை எப்படிப் பற்றுமோ அப்படித்தான் அது மனிதரையும் பற்றுகிறது. 2019இல் கோஸ்டாரிகா அரசு காட்டுவிலங்குகளோடு செல்ஃபி வேண்டாம் என்று தனி இயக்கமே நடத்தியது. 2021இல் ஸ்லாத்தைத் தேசியச் சின்னங்களில் ஒன்றாகவும் சேர்த்துக்கொண்டது.

கூட்டத்தை விலக்கியபின் நெடுநேரம் கழித்தே அது முன்னங்காலை எடுத்துவைத்தது. அதற்குள் பலர் கடலுக்குக் குளிக்கப் போய்விட்டார்கள்.

மாலை மங்கியதும் பூங்காவுக்கு வெளியே, சாலைக்கு மேல் கட்டியிருந்த கயிற்றில் இருவிரல் ஸ்லாத் ஒன்றைப் பார்த்தோம். மின்கம்பியில் ஏறிச் சாகாதிருக்க இப்படிக் கயிறு கட்டிவிடுகிறார்கள். இது இரவு விலங்கு, உருவத்தில் பெரியது, நடையிலும் வேகம் கூட. இலையோடு பூவும் பழமும் தின்னும். மூவிரலுக்கு இல்லாத கோரைப்பல் போன்ற கூர்ப்பற்கள் இதற்கு உண்டு. மேலும் கீழும் உரசி உரசித் தானே தீட்டிக்கொள்ளும் பற்கள். சீண்டினால் வாயைப் பிளந்து சீறும், கடிக்கவும் செய்யும். கயிறு தாழ்ந்து மரத்தில் முடியும் இடத்துக்கு அது வந்தபோது நாங்கள் நெருங்கப் போனோம். வழிகாட்டி வரவில்லை. மீட்பு மையம் ஒன்றில் வேலை பார்த்த காலத்தில் வாங்கியது என்று புறங்கைத் தழும்பைக் காட்டிவிட்டு, எங்களையும் பின்னால் நகரச் சொன்னார்.