சுகததாச அரங்கில் ஒரு முற்பகல்

2019ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 3ஆம் திகதி, வியாழக்கிழமை. நவராத்திரியின் ஐந்தாம் நாள். எங்கள் வெள்ளவத்தை வீட்டில் அம்மா காலையிலேயே குளித்து, கும்பத்துக்குப் பூச்சாத்திக்கொண்டிருந்தார். கல்லூரிக்கு அரைநாள் விடுப்பு எழுதிவிட்டுப் புறப்பட்ட என்னைப் பார்த்து, எங்கே பயணம் என்று வினவினார். கொட்டாஞ்சேனைப் பக்கம் ஐக்கிய தேசியக் கட்சியின் விசேட மாநாடு நடக்கிறது, ஜனாதிபதித் தேர்தலுக்கு அபேட்சகரை அறிவிக்கப்போகிறார்கள், பார்த்து வருகிறேன் என்றேன். (இன்று எல்லோரும் வேட்பாளர் என்கிறார்கள், அம்மாவுக்கு அபேட்சகர் என்றால்தான் விளங்கும்.)

"பள்ளிக்கூடத்தை விட்டிட்டு உதுக்கோ போறாய்?" என்று கேட்டவர், சற்று நின்று, "கவனமாய்ப் போட்டு வா. பின்னேரப் பூசைக்கு முந்தி வந்திடு" என்றார். 1983 ஆடி மாதத்தை வெள்ளவத்தையில் கண்டவர் அவர். பெருங்கூட்டம் என்ற சொல் அவர் காதில் விழும் விதம் வேறு.

நான் உயர்தர வகுப்புக்கு அரசறிவியல் கற்பிப்பவன். அமெரிக்கக் கட்சிகள் தங்கள் ஜனாதிபதி வேட்பாளரை மாநாடு கூட்டித் தெரியும் வழக்கத்தை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதி விளக்குவேன். 1831இல் பால்ட்டிமோர் நகரில் ஒரு சிறு கட்சி தொடக்கிவைத்த வழக்கம் அது. 1924இல் நியூயோர்க்கில் கூடிய ஜனநாயகக் கட்சியினர் ஒருவரைத் தெரிய 103 முறை வாக்கெடுத்தார்கள் என்று சொல்லும்போது வகுப்பில் சிரிப்பெழும். அத்தனை பாடுபட்டுத் தெரிந்தெடுத்த ஜோன் டேவிஸ் தேர்தலில் தோற்றார் என்றதும் சிரிப்பு இரட்டிக்கும். அவ்வாண்டு ஒரு மாணவி எழுந்து, "எங்கட நாட்டில எப்பிடி, சேர்?" என்று கேட்டுவிட்டாள். செயற்குழு, கட்சி யாப்பு, மாநாட்டின் அங்கீகாரம் என்று புத்தகத்தில் உள்ளதைச் சொன்னேன். கண்ணால் கண்டதில்லை. கொட்டாஞ்சேனையில் வசிக்கும் பழைய மாணவன் ஒருவன், அக்கட்சியின் வட்டாரக் கிளையில் உழைப்பவன், "வாங்க சேர், மேல உக்காந்து பார்க்கலாம்" என்று அழைத்தபோது மறுக்க மனம் வரவில்லை.

காலி வீதியில் புறக்கோட்டைப் பஸ் ஒன்றில் ஏறினேன். வெள்ளவத்தை நெரிசலைக் கடக்கவே நேரம் பிடித்தது. நாட்டின் முதலாவது ஜனாதிபதித் தேர்தல் 1982 ஒக்டோபர் 20ஆம் திகதி நடைபெற்றது. போட்டியிட்ட அறுவருள் ஒருவர் தமிழர். அகில இலங்கைத் தமிழ்க் காங்கிரஸைச் சேர்ந்த குமார் பொன்னம்பலம். 1,73,934 வாக்குகள் பெற்றார். அவர் 2000 ஜனவரி 5ஆம் திகதி சுட்டுக் கொல்லப்பட்டது இதே வெள்ளவத்தையில்தான். பஸ் பம்பலப்பிட்டியைத் தாண்டிக் கடற்காற்று முகத்தில் அடிக்கும்வரை அவர் நினைவாகவே இருந்தது.

புறக்கோட்டையிலிருந்து ஓட்டோ ஒன்றில் கொச்சிக்கடைக்குப் போனேன். மாணவன் அங்கே சந்திப்பதாகச் சொல்லியிருந்தான். அந்தோனியார் தேவாலய வாயிலில் காவலர்கள் பைகளைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். ஏப்ரல் 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, அங்கே குண்டு வெடித்து ஆறு மாதமும் நிரம்பவில்லை. அந்தத் தேர்தலில் எல்லாக் கட்சிகளும் பாதுகாப்பு, பாதுகாப்பு என்று பேசியதற்குக் காரணம் அந்த வாயிலில் நின்றால் விளங்கும்.

நேரம் இருந்தது. பொன்னம்பலவாணேஸ்வரர் கோயிலுக்குள் நுழைந்து கும்பிட்டேன். கொழும்பில் வெயில் எவ்வளவு காய்ந்தாலும் அக்கோயிலின் கருங்கற்றளம் குளிர்ந்தே இருக்கும். பொன்னம்பல முதலியார் அமைத்த கோயில். அதனை முற்றாகக் கருங்கல்லிற் புதுக்கியவர் அவருடைய மைந்தர் சேர் பொன்னம்பலம் இராமநாதன். தூணில் சாய்ந்திருந்தபோது, நான் பார்க்கப்போகும் மாநாட்டுக்கும் இக்கோயிற் குடும்பத்துக்கும் உள்ள தொடர்பு மனத்தில் ஒவ்வொன்றாக எழுந்தது.

இராமநாதனின் தம்பி சேர் பொன்னம்பலம் அருணாசலம். இலங்கைத் தேசிய காங்கிரஸ் 1919 டிசம்பர் 11ஆம் திகதி பிறந்தபோது அதன் முதல் அக்கிராசனர் அவரே. சிங்களவரும் தமிழரும் சேர்ந்து ஒரு தமிழரைத் தலைமை நாற்காலியில் இருத்தினார்கள். மேல் மாகாணத் தமிழருக்குச் சட்டசபையில் ஓர் ஆசனம் என்று கொடுக்கப்பட்டிருந்த வாக்குறுதி நிறைவேறாமற் போகவே, 1921இல் அவர் விலகினார். மேல் மாகாணத் தமிழர் என்றால் வேறு யார்? கொட்டாஞ்சேனையும் வெள்ளவத்தையுந்தான். அருணாசலத்தின் புதல்வர் மகாதேவா, 1946இல் தோன்றிய ஐக்கிய தேசியக் கட்சியின் சார்பில் 1947இல் யாழ்ப்பாணத்தில் நின்று, குமார் பொன்னம்பலத்தின் தந்தையாராகிய ஜீ. ஜீ. பொன்னம்பலத்திடம் தோற்றார். இராமநாதனின் மருமகன் சு. நடேசன் அதே கட்சியில் நின்று 1952இல் காங்கேசன்துறையில் செல்வநாயகத்தையே வென்று மந்திரியுமானார். நான்கு ஆண்டில் அவரும் வெளியேறினார். அதற்குக் காரணமும் ஒரு மாநாடே. அதைப் பின்னர் சொல்கிறேன்.

மாணவன் பச்சைச் சட்டையோடு வந்து சேர்ந்தான். "சேர், பொட்டு வச்சிருக்கீங்க, நல்லது. ராசியா இருக்கும்" என்று சிரித்தான். கொட்டாஞ்சேனை வழியாக நடந்தோம். தெருவெல்லாம் பச்சைக் கொடி. தூர மாவட்டங்களிலிருந்து வந்த பஸ்கள் வரிசையாக நின்றன. சோற்றுப் பொதிகளை மடியில் வைத்துக்கொண்டு பெண்கள் நிழல் தேடினார்கள். கடலை, ஐஸ்கிறீம், தொப்பி, கொடி என்று வியாபாரம் மும்முரமாக நடந்தது. கொழும்பு மாநகர முதல்வராகவும் கொழும்பு வடக்குப் பாராளுமன்ற உறுப்பினராகவும் விளங்கிய வி. ஏ. சுகததாசவின் பெயரைத் தாங்கியது அந்த விளையாட்டரங்கு. அங்குள்ள உள்ளரங்கிலேதான் அதே ஆண்டு ஆகஸ்ட் 11ஆம் திகதி பொதுஜன பெரமுன கூடியது. மகிந்த ராஜபக்ஷ தமது தம்பி கோட்டாபயவை வேட்பாளராக அறிவித்தார். ஏழு வாரத்துக்குப் பின் அதே கூரையின்கீழ் மறுகட்சி. அரங்கு வாடகைக்கு எந்தக் கட்சியும் ஒன்றே.

உள்ளே போனதும் முதலில் தாக்கியது சத்தம். உயரே ஓர் இருக்கையில் என்னை அமர்த்திவிட்டு மாணவன் தன் கிளையினரிடம் இறங்கிப் போனான். கீழே தரை தெரியாதபடி பச்சை. கட்சியின் சின்னம் யானை. ஆனால் அந்தத் தேர்தலில் அதன் வேட்பாளர் புதிய ஜனநாயக முன்னணியின் அன்னத்தில் நிற்கப்போகிறார் என்பதை அங்கிருந்த எத்தனைபேர் அப்போது எண்ணிப்பார்த்தார்களோ!

கட்சித் தலைவர் ரணில் விக்கிரமசிங்க மேடையில் இருந்தார். சஜித் பிரேமதாசவும் இருந்தார். பல மாதங்களாக இவ்விருவரில் யார் என்ற கேள்விதான் பத்திரிகைகளை நிறைத்திருந்தது. சஜித்தின் ஆதரவாளர்கள் பதுளையிலும் மாத்தறையிலும் கூட்டம் கூட்டித் தங்கள் பலத்தைக் காட்டினார்கள். கடைசியில் செப்டெம்பர் 26ஆம் திகதி கட்சியின் செயற்குழு கூடி, சஜித்தே என்று முடிவுசெய்தது. கதவு மூடிய அறையில் ஒரு வாரத்துக்கு முன்பே முடிந்துபோன காரியத்தை, திறந்த மண்டபத்தில் ஆயிரக்கணக்கானோர் மறுபடி முடித்துவைக்க வந்திருந்தார்கள். நியூயோர்க்கின் 103 சுற்று எங்கே, இது எங்கே என்று ஓர் ஆசிரியனுக்கே உரிய ஏளனத்தோடு நான் உட்கார்ந்திருந்தேன்.

தீர்மானம் வந்தது. கைகள் உயர்ந்தன.

புத்தகத்தில் 'ஏகமனதாக' என்று ஒரே சொல்லில் எழுதிவிடுகிறோம். ஒரு மண்டபம் முழுவதும் கை உயரும்போது எழும் காட்சி அந்தச் சொல்லில் இல்லை. வெயிலில் கறுத்த கைகள், வளையற் கைகள், நடுங்கும் முதிய கைகள். எண்ணுவார் இல்லை, எண்ணவேண்டிய தேவையும் இல்லை. ஆனால் கைதூக்கியவர்களின் முகத்தில் நடிப்பும் இல்லை. இரவெல்லாம் பஸ்ஸில் வந்தவர்கள், தாங்கள்தாம் அந்த மனிதரை அந்த இடத்தில் ஏற்றிவைத்ததாக மனமார நம்பினார்கள். என் ஏளனம் சற்றுக் குறைந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

என் இரு கைகளும் குடைப்பிடியில் இருந்தன. பக்கத்தில் இருந்த சிங்கள மூதாட்டி, தூர ஊரிலிருந்து வந்தவர், என்னைத் திரும்பிப் பார்த்து, "மாத்தயா ஏன் தூக்கவில்லை?" என்று சிங்களத்தில் கேட்டார். நான் பிரதிநிதி அல்ல, பார்க்க வந்தவன் என்றேன். நெற்றித் திருநீற்றைக் கண்டாரோ, என் உச்சரிப்பைக் கேட்டாரோ, "பார்க்க வந்தவரும் இந்த நாட்டவர்தானே" என்று கூறிவிட்டுத் தமது கையை மேலும் உயர்த்தினார். அன்போடுதான் சொன்னார். அதற்கு என்ன விடை சொல்வதென்று எனக்கு அப்போதும் தெரியவில்லை, இப்போதும் தெரியவில்லை.

விடை சொல்லத் தடுத்தது அறுபத்துமூன்று ஆண்டுக்கு முந்திய இன்னொரு மண்டபம். அந்த அரங்கிலிருந்து களனி கங்கையைக் கடந்தால் சில மைலில் களனி. 1956 பெப்ரவரியில் இதே கட்சி அங்கே மாநாடு கூடிச் சிங்களம் மட்டுமே அரசகரும மொழி என்ற கொள்கையை ஏற்றது. முன்பு சொன்ன நடேசன் முதலிய தமிழ் உறுப்பினர் கட்சியை விட்டு அகன்றது அதன் பின்னரே. மண்டபத்தில் கை உயர்த்தியோருக்கு அது வெற்றி நாளாகத் தோன்றியிருக்கும். இரண்டே மாதத்தில், ஏப்ரல் தேர்தலில், ஆளுங்கட்சியாக இருந்த அக்கட்சிக்குக் கிடைத்த ஆசனங்கள் எட்டு.

2019இன் கதையும் நீளமானதன்று. சரஸ்வதி பூசையன்று, ஒக்டோபர் 7ஆம் திகதி, 35 பேர் போட்டியில் இறங்கினார்கள். வாக்குச்சீட்டு 26 அங்குல நீளம். நவம்பர் 16ஆம் திகதித் தேர்தலில் வடக்கும் கிழக்கும் பெருவாரியாகச் சஜித்துக்கு வாக்களித்தும், அவர் 13,60,016 வாக்குகளால் தோற்றார். கட்சி பிளந்தது. 2020 ஆகஸ்ட் பொதுத்தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சிக்கு மிஞ்சியது தேசியப் பட்டியலில் ஓர் ஆசனம். அன்று ஒரே மேடையில் இருந்த இருவரும் 2024 செப்டெம்பர் 21ஆம் திகதி எதிரெதிராக நின்றார்கள்; வென்றவர் அநுர குமார திசாநாயக்க. ஆனால் இவையெல்லாம் பின்னர் நிகழ்ந்தவை. அன்றைய முற்பகலில் மண்டபம் ஆரவாரத்தில் அதிர்ந்துகொண்டிருந்தது.

வெளியே வந்து மாணவனோடு ஆமர் வீதிச் சந்திக்கு நடந்தேன். 1993 மே தினத்தன்று ஊர்வலத்தின் நடுவே ஜனாதிபதி ரணசிங்க பிரேமதாச குண்டுக்கு இரையானது அந்த இடத்தில். தந்தை விழுந்த சந்திக்கும் மகன் வேட்பாளரான மண்டபத்துக்கும் நடை தூரந்தான். அடுத்த ஆண்டு, 1994 ஒக்டோபரில், அதே கட்சியின் ஜனாதிபதி வேட்பாளர் காமினி திசாநாயக்க தொட்டலங்கையில் கொல்லப்பட்டார், அதுவும் தூரமில்லை. கொழும்பு வடக்கில் வழி கேட்பவருக்கு வேட்பாளர்களைக் கொண்டே அடையாளம் சொல்லலாம்.

ஒரு சைவக் கடையில் தேநீர் வரும்வரை மாணவனிடம் மனத்தில் இருந்ததைக் கேட்டேன். "தம்பி, அருணாசலத்திலிருந்து நடேசன் வரைக்கும் உள்ளே போனவர்கள் எல்லாம் வெளியே வந்தார்கள். அதைப் படித்த நீர் ஏன் உள்ளே போகிறீர்?"

அவன் உடனே மறுமொழி சொல்லவில்லை. தேநீரை ஆற்றிக் குடித்தான்.

"சேர், மழை பெஞ்சா எங்க தோட்டத்துல முழங்கால் தண்ணி. கானை வெட்டச் சொல்லி யாருகிட்டப் போறது? வெள்ளவத்தையில உள்ளவங்களுக்குக் கட்சி பேப்பர்ல இருக்கு. எங்களுக்கு வாசல்ல இருக்கு. நீங்க சொன்ன பெரியவங்க வெளிய வந்தா, போக அவங்களுக்குக் கோயில் இருந்திச்சு, காலேஜ் இருந்திச்சு. நாங்க வெளிய வந்தா தெருவிலதான் சேர் நிப்போம்."

தோட்டம் என்று அவன் சொன்னது, ஒரு குழாயையும் ஒரு முடுக்கையும் பல குடும்பங்கள் பங்கிட்டு வாழும் கொட்டாஞ்சேனைக் குடியிருப்பை. உயர்தர வகுப்பில் அவன் விளக்கெரிய இடமின்றி அக்கம்பக்கத்துக் கோயில் மண்டபத்திலிருந்து படித்தவன் என்பது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. அவனிடம் ஒன்று கேட்க எண்ணினேன்: வாசலில் இருக்கும் கட்சி என்றாவது உன்னை மேடையில் இருத்துமா? கேட்கவில்லை. தேநீர்க் காசை அவனே கொடுத்தான். எவ்வளவு வற்புறுத்தியும் என்னைக் கொடுக்க விடவில்லை.

புறக்கோட்டையில் பஸ் கிடைக்கப் பிந்திவிட்டது. காலிமுகத்திடலில் பொழுது சாயத் தொடங்கியிருந்தது. வீட்டுப் படியேறும்போது இலட்சுமி பூசை தொடங்கி மணி ஒலித்துக்கொண்டிருந்தது. சட்டையை மாற்றிக் கைகால் அலம்பி வந்து நின்றேன். தீபாராதனை முடிந்ததும் அம்மா கையில் அவலும் கடலையும் தந்து, மெல்லிய குரலில் கேட்டார்:

"ஆரைத் தெரிஞ்சவை?"

"தெரிஞ்சு போட்டுத்தான் கூப்பிட்டிருக்கினம், அம்மா."

"அப்ப உன்னை ஏன் கூப்பிட்டவை?" என்றார் அம்மா. அடுத்த வீட்டுப் பிள்ளைகள் பிரசாதத்துக்குக் கை நீட்டிக்கொண்டு நின்றார்கள். அவர் அந்தப் பக்கம் திரும்பினார்.