நோட்டும் நீதிமன்றமும்

குடியானவன் கடனைக் குறைக்க மாகாணத்துக்கு அதிகாரம் உண்டா? 1938-ல் ராஜாஜி மந்திரிசபை இயற்றிய கடன் நிவாரணச் சட்டம், 1932 அக்டோபருக்கு முந்திய விவசாயக் கடன்களின் நிலுவை வட்டியைத் துடைத்துவிட்டது. பிராமிசரி நோட்டு மத்திய சட்டசபைக்குரிய விஷயமாயிற்றே, மாகாணம் அதைத் தொடலாமா என்பது கடன் கொடுத்தவரின் வாதம். 1935-ஆம் வருஷத்து அரசியல் சட்டத்தின் ஜாபிதாவும் அவர் பக்கந்தான். ஆயினும் 1940-ல் டில்லி பெடரல் கோர்ட், கடன் டிக்ரியாகிவிட்டபின் நோட்டு ஏது என்றது. மெச்சத்தக்க யுக்தி! அதனினும் மேலானது பிரதம நீதிபதி ஸர் மாரிஸ் க்வையர் சொன்ன நியாயம்: அயல் விஷயத்தைச் சற்றே தீண்டுவதாலேயே ஒரு சட்டம் செல்லாததாகிவிடாது, அதன் உயிர்நிலை எதுவென்று பார்க்கவேண்டும். வார்த்தையைப் பிடித்துத் தொங்கியிருந்தால், நோட்டெழுதி வாங்கிக் கடன் கொடுத்த எவரும் மாகாணச் சட்டத்துக்குத் தப்பியிருப்பார். 1947-ல் வங்காள லேவாதேவிச் சட்ட வழக்கில் லண்டன் பிரிவி கவுன்சிலும் அந்த நியாயத்தையே ஏற்றுக்கொண்டது.