கால்கள் பேசிய இரவு

முத்தமிழ் என்று பெருமையோடு சொல்லுகிறோம். ஆயினும் இயலுக்குக் கொடுக்கும் இடத்தை இசைக்கும் கூத்துக்கும் நம் வகுப்பறைகளில் கொடுப்பதில்லை. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையை நடத்தும்போது, எட்டுக்கோல் நீளம், ஏழுகோல் அகலம், ஒருகோல் உயரம் என ஆடரங்கின் அளவைச் சொல்லி, மூவகை எழினிகளின் பெயர்களையும் மனப்பாடம் செய்வித்துத் தேர்வுக்கு அனுப்பிவிடுகிறோம். அத்திரைக்குப் பின்னே நிற்பவனின் கால் எவ்வாறு ஒலிக்கும் என்பதை மாணவர்க்கு நாம் சொன்னதில்லை.

சென்ற ஆண்டு மாணவர் ஒருவர் தம் கைப்பேசியில் அமெரிக்க இசை நாடகக் காட்சியொன்றைக் காட்டினார். கண்கூசும் விளக்குகள், மின்னும் உடைகள், மேடை நிறைய ஆடுநர். அவர்தம் காலணிகளின் முன்புறத்திலும் குதிகாலிலும் பொருத்திய உலோகத் தகடுகள் மரத்தளத்தில் ஒருசேர ஒலித்தபோது மழை வந்து கூரையில் விழுந்ததுபோல் இருந்தது. அதற்கு டேப் நடனம் என்று பெயர். அயர்லாந்திலிருந்து குடியேறிய ஏழைகளின் காலாட்டமும், ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்டோரின் தாள மரபும் அமெரிக்க மண்ணில் கலந்து பிறந்தது அது. தென் கரோலைனாவில் 1739ஆம் ஆண்டு அடிமைகள் கிளர்ந்தெழுந்தனர். மறு ஆண்டு இயற்றப்பட்ட சட்டம் அவர்கள் முரசு வைத்திருப்பதைத் தடைசெய்தது. முரசு போனபின்னும் தாளம் கையிலும் காலிலும் உயிரோடிருந்தது.

"ஐயா, இப்படி ஒன்று நம்மிடம் உண்டா?" என்று கேட்டார் அம்மாணவர். உடனே விடை சொல்ல நமக்கு வாய் எழவில்லை. நெஞ்சு முப்பத்தைந்து ஆண்டுகள் பின்னோக்கி, நம் சொந்த ஊராகிய செஞ்சிக்கு ஓடிவிட்டது.

அப்போது நமக்குப் பத்து வயது. தந்தையார் செஞ்சிக் கடைவீதியில் சிறு மளிகைக் கடை வைத்திருந்தார். ஒருநாள் இஷாத் தொழுகையை முடித்து, கடையை அடைத்து, மிதிவண்டியின் முன்கம்பியில் நம்மை அமர்த்திக்கொண்டு பக்கத்துச் சிற்றூருக்குப் புறப்பட்டார். பள்ளிவாசல் வீட்டுப் பிள்ளையைக் கூத்துக்கு அழைத்துப் போவதா என்று உறவினர் ஒருவர் குறைபட்டுக்கொண்டார். "தேசிங்கு கதை. நம்ம ஊர்க் கதை, பிள்ளை பார்க்கட்டும்" என்றார் தந்தையார்.

அறுவடை முடிந்த களத்தில் மூன்று பக்கமும் மக்கள். ஒரு பக்கம் ஆர்மோனியமும் மத்தளமும் தாளமும் முகவீணையும். பகலில் ஏர் பிடித்தவர்களே இரவில் வேந்தர்களாக வந்தனர். கலியாண முருங்கை மரத்தில் செதுக்கிய கிரீடம், புயக்கீர்த்தி, மார்புப் பதக்கம். அவற்றில் பதித்த கண்ணாடிச் சில்லுகள் விளக்கொளியை வாங்கி எங்கள் முகங்களில் வீசின. அத்தனை ஆடம்பரத்தை அதற்குமுன் நாம் கண்டதில்லை.

இருவர் ஒரு துணித் திரையைப் பிடித்து நின்றனர். திரையின் கீழ் இரண்டு கால்கள் மட்டும் தெரிந்தன. கணுக்காலிலிருந்து மேலே அடுக்கிக் கட்டிய சலங்கைகள் மத்தளத்திற்கு மறுமொழி சொல்லின. முகம் தெரியுமுன்பே, வருபவன் வீரன் என்பதைக் கால்கள் சொல்லிவிட்டன. திரை விலகியதும் தேசிங்கு கிறுகிறுவெனச் சுழன்று ஆடினான். நாம் நம்மை மறந்து கைதட்டினோம்.

பின்னர் ஆற்காட்டு நவாப் வந்தார். கட்டியக்காரன் அவரைக் கேலி செய்யக் கூட்டம் சிரித்தது. முன்வரிசைச் சிறுவர் சிலர் திரும்பி நம்மைப் பார்த்தனர். பார்த்தார்களோ, பார்த்ததாக நாம் எண்ணிக்கொண்டோமோ, இன்றும் தெரியாது. அதுவரை இருந்த மகிழ்ச்சி வடிந்தது. "அத்தா, வீட்டுக்குப் போகலாம்" என்றோம். தந்தையார் நம் தோளில் கைவைத்து, "இருப்பா. சிநேகிதன் இன்னும் வரல" என்றார்.

அந்தச் சிநேகிதன் மகபத்கான். கதைப்பாடல் மோவுத்துக்காரன் என்று அழைக்கும் இசுலாமிய வீரன். 1714ஆம் ஆண்டு அக்டோபரில், வெள்ளம் பெருகிய சங்கராபரணியைக் கடந்து சிறு குதிரைப்படையோடு நவாப் சாதத்துல்லா கானின் பெரும்படையை எதிர்த்து இளைஞன் தேசிங்கு மடிந்தான். அவனுடன் மகபத்கானும் மடிந்தான் என்பது வரலாறு. மணக்கோலத்தில் இருந்தவன் நண்பனின் ஓலை கண்டு திருமணத்தை விட்டுக் குதிரையேறினான் என்பது கதைப்பாடல் தரும் செய்தி.

களத்தில் குதிரை இல்லை. ஆடியவரின் இரு கால்களே நீலவேணியாயின. முதலில் நடை, பிறகு பெருநடை, பிறகு நாலுகால் பாய்ச்சல். சலங்கையொலி ஏற ஏற மத்தளக்காரர் வியர்வை வழிய ஈடுகொடுத்தார். புழுதி எழுந்தது. கூட்டம் எழுந்து நின்று ஆரவாரித்தது. நாமும் எழுந்து நின்றோம். அவன் வீழ்ந்தபோது அருகிலிருந்த மூதாட்டி முந்தானையால் கண்ணைத் துடைத்து, "கண்ணாலத்த வுட்டுட்டு வந்தானே, எம்புள்ள" என்று அரற்றினார். பிறகு நம் தலையையும் தடவிக்கொடுத்தார். விடியும்வரை அவர் மடியோரத்திலேயே அமர்ந்திருந்தோம்.

மறுநாள் மகபத்கானாக ஆடியவர் தந்தையாரின் கடைக்கு வந்தார். காதோரம் அரிதாரம் முழுதும் போகவில்லை. அரைக்கிலோ அரிசியும் எண்ணெயும் வாங்கினார். அவருடைய வீங்கிய கணுக்கால்களையே பார்த்துக்கொண்டிருந்தோம். தந்தையார் அன்று அவரிடம் பணம் வாங்கவில்லை.

தந்தையார் மறைந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. செஞ்சிக் கோட்டைக்குள் சாதத்துல்லா கானின் வெற்றியை நினைவூட்டும் பள்ளிவாசல் இருக்கிறது. ஊருக்கு அப்பால் நீலாம்பூண்டியில் மகபத்கானின் அடக்கத்தலம் இருக்கிறது. இரண்டையும் நம் மாணவர் அறியவேண்டும். 2025ஆம் ஆண்டு சூலையில் யுனெசுகோ நிறுவனம் மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டை உலக மரபுச் சின்னமாக அறிவித்தபோது, தமிழகத்திலிருந்து இடம்பெற்றது செஞ்சி ஒன்றே. கல்லைக் காக்க ஆள் வந்துவிட்டது. அந்தக் கல்லின் கதையைக் காலில் சுமந்தவர்களை யார் காப்பது என்பதே நம் கவலை.

கேள்வி கேட்ட மாணவரையும் அவர் தோழர் சிலரையும் செஞ்சிப் பக்கம் ஒரு கூத்துக்கு அழைத்துச் சென்றோம். தேசிங்கு கதை கிடைக்கவில்லை, அன்று கர்ணமோட்சம். அதுவும் நண்பனுக்காக உயிர் கொடுத்தவன் கதைதான். திரைக்குக் கீழே கால்கள் தெரிந்து முதல் சலங்கை ஒலித்ததும் அம்மாணவர் கைப்பேசியைப் பைக்குள் வைத்துவிட்டார்.

காலைப் பேருந்தில் திரும்பும்போது எல்லாரும் உறங்கினர். அவர் மட்டும் விழித்திருந்து, பேருந்தின் தகரத் தளத்தில் காலணியால் தாளம் போட்டுக்கொண்டே வந்தார். நடத்துநர் இருமுறை திரும்பிப் பார்த்தார். நிறுத்தச் சொல்ல நமக்கு மனம் வரவில்லை.