இரண்டு சர்க்கார்

2012 அக்டோபரில் சீனாவில், குவாங்சௌ நகரத்து ஏற்றுமதிக் கண்காட்சிக்குப் போயிருந்தேன். மிக்ஸி மோட்டார் வாங்கப் போன நண்பருக்குப் பேச்சுத்துணை. மற்றபடி எனக்கும் மோட்டாருக்கும் உள்ள சம்பந்தம், காலை ஆறு மணிக்கு வீட்டில் கேட்கும் அதன் சத்தம் மட்டும்தான்.

மொழிபெயர்க்க ஒரு பெண்ணை நாள் சம்பளத்துக்கு அமர்த்தியிருந்தோம். ஹூனான் மாகாணத்தில் ஏதோ கிராமத்தில் பிறந்து, குவாங்சௌவில் படித்தவள். இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். பெயர் சொல்லப் போவதில்லை. காரணம் போகப்போகப் புரியும்.

ஒருநாள் காலை ஓட்டலில் டிபன். எங்கள் மேஜையில் ஓர் ஐரோப்பிய வியாபாரியும் வந்து உட்கார்ந்தார். நல்ல மனுஷர். அவித்த முட்டையை உரித்துக்கொண்டே அந்தப் பெண்ணிடம் கேட்டார்: ‘‘உங்க கவர்மென்ட்டை நினைச்சா உங்களுக்குப் பயமா இல்லையா?’’

அவள் யோசிக்கவே இல்லை. ‘‘நல்லாத்தான் நடத்தறாங்க. எங்க தாத்தா பசியில மரப்பட்டை தின்னிருக்கார். நான் இங்க உட்கார்ந்து உங்களோட இங்கிலீஷ் பேசறேன்.’’

டீ எடுக்க அவள் எழுந்து போனதும் அவர் என் பக்கம் சாய்ந்து, ‘‘பாவம், மூளைச்சலவை’’ என்றார். நானும் தலையை ஆட்டினேன். அவர் படித்த அதே பத்திரிகைகளைப் படித்துத்தானே நானும் சீனாவைத் தெரிந்துகொண்டேன்? 1989 தியானன்மென், டாங்கிகளுக்கு எதிரே கையில் பையோடு நின்ற ஒற்றை மனிதர்... அது போக, தாத்தாவை மரப்பட்டை தின்னவைத்த 1959-61 பஞ்சத்துக்கே மாவோவின் ‘மாபெரும் பாய்ச்சல்’தான் முக்கியக் காரணம். கோடிக்கணக்கில் செத்தார்கள். அதையும் மறந்துவிட்டு இந்தப் பெண் நன்றி சொல்கிறாளே என்று இருந்தது.

அன்று மத்தியானம் ஃபோஷான் நகரத்துத் தொழிற்சாலைக்கு வேனில் போனோம். நண்பர் தூங்கிவிட்டார். வழியெல்லாம் புதுசு புதுசாகப் பாலங்கள். ‘‘எங்க ஊர்லயும் ரோடு வந்தது சார். எங்க வயல் மேலேயே வந்தது’’ என்று ஆரம்பித்தாள்.

நிலத்துக்கு நஷ்டஈடு என்று மேலிடம் சொன்ன தொகை வேறு, கைக்கு வந்தது வேறு. அப்பா டவுன் ஆபீஸுக்கு நடையாய் நடந்தார். கடைசியில் மனுவைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு பீஜிங்குக்கு ரயில் ஏறிவிட்டார். சக்கரவர்த்தி காலத்திலிருந்தே அங்கே இருக்கிற வழக்கம் அது. இன்றைக்கும் தலைநகரில் குடிமக்களின் கடிதங்களையும் மனுக்களையும் வாங்குவதற்கென்றே ஓர் அரசு அலுவலகம் உண்டு.

‘‘மனு கொடுத்தாரா?’’

‘‘ஒரு தடவை வரிசையில நின்னார். மறுநாள் வரச் சொன்னாங்க. ராத்திரி லாட்ஜுல, எங்க ஜில்லாவிலேர்ந்து வந்த நாலு பேர் கதவைத் தட்டினாங்க. ‘ஊருக்குப் போகலாம் வாங்க’ன்னு கூட்டிட்டு வந்துட்டாங்க.’’

ஒரு ஊரிலிருந்து எத்தனை பேர் பீஜிங் வரை போய்ப் புகார் கொடுக்கிறார்கள் என்பது அந்த ஊர் அதிகாரியின் மதிப்பெண்ணைக் குறைத்துக்கொண்டிருந்த காலம் அது. அதனால் புகாரைத் தீர்ப்பதைவிடப் புகார்க்காரரைப் பிடிப்பது அவர்களுக்குச் சுலபம்.

‘‘அப்பாவுக்குக் கோபம் இல்லையாம்மா?’’

‘‘இல்லாம? டவுன் அதிகாரி பேரைச் சொன்னாலே துப்புவார்.’’

‘‘பீஜிங் மேல?’’

‘‘பீஜிங் என்ன பண்ணும் சார்? அவங்களுக்குத்தான் தெரியவே தெரியாதே! 2006-ல விவசாய வரியை மொத்தமா எடுத்தாங்களே, அது பீஜிங். எங்க வயலைப் பிடுங்கினது டவுன் ஆபீஸ்.’’

‘வானம் உயரத்தில், சக்கரவர்த்தி தூரத்தில்’ என்று சீனாவில் ஒரு பழமொழி உண்டு. தூரத்தில் இருப்பதாலேயே சக்கரவர்த்தி நல்லவராக இருக்க முடிகிறது. நாமும் பத்திரிகைகளும் ‘சீன அரசு’ என்று ஒருமையில் சொல்லிக்கொண்டிருக்க, அந்தக் குடும்பத்துக்கு இரண்டு சர்க்கார் இருந்தது. ஒன்று துப்புவதற்கு, ஒன்று நம்புவதற்கு.

ஊர் திரும்பிய பிறகு சீனச் செய்திகளை வேறு கண்ணோடு படிக்க ஆரம்பித்தேன். வூகான் என்று ஒரு மீனவ கிராமம் (கொரோனா புகழ் வூஹான் அல்ல). அதுவும் குவாங்சௌ இருக்கிற மாகாணம்தான். 2011 டிசம்பரில், நிலத்தை விற்றுத் தின்ற உள்ளூர் அதிகாரிகளையும் போலீஸையும் ஜனங்கள் ஊரைவிட்டே விரட்டினார்கள். ஆனால், பிடித்த பதாகைகளில் கம்யூனிஸ்ட் கட்சிக்கு ஆதரவு! 2012-ல் ரகசிய வாக்கெடுப்பே நடத்த அனுமதி கிடைத்து, போராட்டத் தலைவர் லின் ஜூலுவான் ஜெயித்தார். 2016-ல் லஞ்ச வழக்கில் அவரை உள்ளே தள்ளினார்கள். தூரத்துச் சக்கரவர்த்தி காப்பாற்ற வரவில்லை.

2020-ல் ஹார்வர்டு பல்கலைக்கழகம் ஓர் அறிக்கை வெளியிட்டது. 2003-லிருந்து 2016 வரை சீனாவில் 31,000-க்கும் மேற்பட்டவர்களிடம் நேரில் கேட்ட கணக்கு. 2016-ல், மத்திய அரசில் திருப்தி என்றவர்கள் 93 சதவிகிதம். டவுன் ஆபீஸுக்கு வந்தால் சுமார் 70. அதுவே தேறிவந்த பிறகு; 2003-ல் பாதிப்பேர்கூட இல்லை. அமெரிக்காவில் இது அப்படியே தலைகீழ். பக்கத்து முனிசிபாலிட்டியை நம்புவார்கள். வாஷிங்டன் என்றால் முகம் சுளிப்பார்கள்.

ஐரோப்பிய நண்பர் விடமாட்டார்: ‘‘பயந்து சொல்லியிருப்பார்கள்.’’ நியாயமான சந்தேகம். அதையும் சோதித்திருக்கிறார்கள். சில வாக்கியங்களைக் கொடுத்து, ‘இதில் எத்தனையோடு ஒத்துப்போகிறீர்கள்? எது எது என்று சொல்ல வேண்டாம், எண்ணிக்கை போதும்’ என்பார்கள். பாதிப்பேர் பட்டியலில் மட்டும் கட்சி பற்றிய வாக்கியம் ஒன்று கூடுதலாக ஒளிந்திருக்கும். இரண்டு கும்பலின் எண்ணிக்கையைக் கழித்தால் உண்மை வெளியே வரும். 2020-ல் செய்த அந்த ஆய்வில், நேராகக் கேட்டால் 90 சதவிகிதத்துக்கு மேல் இருந்த ஆதரவு, இப்படிக் கேட்டபோது 50-லிருந்து 70 வரை இறங்கிவிட்டது.

ஆக, பயமும் நிஜம். பயத்தைக் கழித்த பிறகு மிச்சமிருக்கும் ஆதரவையும் லேசில் ஒதுக்கிவிட முடியாது. ‘எல்லாரும் மூளைச்சலவை’ என்பவரும் தோற்றார், ‘எல்லாரும் சந்தோஷம்’ என்பவரும் தோற்றார்.

தூரமும் எப்போதும் தூரமாகவே இருப்பதில்லை. கொரோனா காலத்தில் பீஜிங்கே வீட்டுக் கதவை வந்து பூட்டியது. 2022 நவம்பரில் உரும்ச்சி நகரத்து அடுக்குமாடித் தீ விபத்தில் 10 பேர் இறந்ததும், ஷாங்காய், பீஜிங் என்று பல ஊர்களில் இளைஞர்கள் வெற்று வெள்ளைத் தாளைத் தூக்கிப் பிடித்து நின்றார்கள். ஷாங்காயில் சிலர் ஷி ஜின்பிங்கே விலக வேண்டும் என்று கத்தினார்கள். அப்போது டவுன் ஆபீஸைக் கைகாட்ட வழியில்லை. டிசம்பர் 7-ம் தேதி கட்டுப்பாடுகள் தளர்ந்தன.

அந்தக் கூட்டங்களின் படங்களில், முகம் ஞாபகம் இல்லாத அந்தப் பெண்ணைத் தேடினேன். அசட்டுத்தனம்தான்.

ஃபோஷான் வேனில் அவளிடம் இரண்டு கேள்விகள் கேட்டிருந்தேன். முதலாவது: ‘‘இதையெல்லாம் காலையில அவர்கிட்ட ஏன் சொல்லலை?’’

‘‘அவர் எங்க வீட்டைப் பத்திக் கேட்கலையே சார். நாட்டைப் பத்தித்தானே கேட்டார். வெளியாள் முன்னாடி வீட்டு அழுக்கைத் துவைப்பாங்களா?’’

இரண்டாவது: ‘‘பீஜிங்குக்குத் தெரியாதுன்னு அப்பா நிஜமாவே நம்பறாரா?’’

இதற்கு மட்டும் அவள் உடனே பதில் சொல்லவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி இன்னொரு பாலம் கடக்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

‘‘டவுன் கதவு மூடியாச்சு. ஜில்லா கதவு மூடியாச்சு. மிச்சம் அந்த ஒரு கதவுதான். அதுவும் மூடியிருக்குன்னு சொல்லிட்டா, அப்புறம் அப்பா எங்க போவார் சார்?’’

மூளைச்சலவை என்று காலையில் தலையாட்டியதற்கு அவளிடம் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். தொழிற்சாலை வந்துவிட்டது. நண்பர் விழித்துக்கொண்டு மோட்டார் விலையைக் கேட்கச் சொன்னார்.