பனி வருமுன் படம் வரும்

அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில், டீட்டன் மலைத்தொடரின் அடிவாரத்தில் இருக்கிறது ஜாக்ஸன். மக்கள்தொகை பத்தாயிரத்தைச் சற்றே தாண்டும் சிற்றூர். ஊர்ச் சதுக்கத்தின் நான்கு மூலைகளிலும் எல்க் மான்களின் கொம்புகளை அடுக்கிக் கட்டிய வளைவுகள் நிற்கின்றன. கோடையில் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்குப் போகும் கூட்டம் இங்கே மொய்க்கும். குளிர்காலத்தில் பனிச்சறுக்குக்காரர்கள் வந்து குவிவார்கள். இரண்டுக்கும் நடுவே இலையுதிர்காலத்தில் ஊர் மூச்சு வாங்கிக்கொள்ளும். ஆஸ்பென் மரங்கள் மஞ்சளாகி இலை உதிர்க்கும். 4,199 மீட்டர் உயரமுள்ள கிராண்ட் டீட்டன் சிகரத்தில் மட்டும் லேசாக வெள்ளை பூத்திருக்கும். கீழே சரிவுகள் இன்னும் பழுப்புதான். ஓட்டல் ஊழியர், லிஃப்ட் இயக்குபவர், சறுக்குப் பயிற்சியாளர் என்று ஊரே வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

அந்தக் காத்திருப்பின் நடுவில்தான் படம் வருகிறது. அந்த ஆண்டின் புதிய பனிச்சறுக்குப் படம்.

இது ஏன் இலையுதிர்காலத்தில் வருகிறது என்பதற்கு எளிய கணக்கு இருக்கிறது. படப்பிடிப்பு குளிர்காலத்திலும் வசந்தத்திலும் நடக்கிறது. கோடையில் படத்தொகுப்பு. செப்டம்பரில் பிரதி தயார். பனி விழுந்துவிட்டால் இந்த ரசிகர்கள் அரங்குக்குள் உட்கார மாட்டார்கள், மலைக்குப் போய்விடுவார்கள். எனவே முதல் பனிக்கு முந்தைய சில வாரங்கள்தான் வியாபாரம். ஓர் ஊரில் பெரும்பாலும் ஒன்றிரண்டு காட்சிகள். பிறகு அடுத்த ஊர்.

வழக்கமான சினிமாவுக்குரிய எதுவும் இதில் கிடையாது. கதாநாயகி இல்லை, வில்லன் இல்லை. செங்குத்தான மலைகளிலிருந்து ஆட்கள் சறுக்கி இறங்குகிறார்கள், அவ்வளவுதான். ஆனால் அரங்கில் விசில் காதைப் பிளக்கும். திரையில் தெரிவது உள்ளூர் மலையாக இருந்தால் ஆரவாரம் இரட்டிப்பாகும். திரையில் பறக்கும் ஆள் முன்வரிசையிலேயே உட்கார்ந்திருக்கவும் கூடும். கையில் பீர், சுவரொட்டியில் வீரர்களின் கையெழுத்து, குலுக்கலில் சறுக்குக் கட்டையோ ஜாக்கெட்டோ பரிசு. போன சீசனில் பிரிந்த நண்பர்கள் மறுபடி சந்திப்பதும் இங்கேதான்.

பனிச்சறுக்கைப் படமெடுப்பது புதிதல்ல. ஜெர்மனியின் ஆர்னால்டு ஃபாங்க் 1920லேயே அதைச் செய்துவிட்டார். ஆனால் அமெரிக்காவில் அதை ஆண்டுதோறும் நடக்கும் திருவிழாவாக்கியதில் பெரும்பங்கு வாரன் மில்லருக்கு உண்டு. இரண்டாம் உலகப் போரில் கடற்படையில் இருந்தவர். வெளியே வந்ததும் ஒரு 8 எம்.எம். கேமரா வாங்கினார். நண்பர் வார்டு பேக்கருடன் ஐடஹோ மாநிலத்தின் சன் வேலிக்குப் போய், கார் நிறுத்துமிடத்தில் ஒரு சின்ன இழுவை வண்டியிலேயே குளிர்காலத்தைக் கழித்தார். உணவகத்தில் இலவசமாகக் கிடைத்த தக்காளி கெச்சப்பை வெந்நீரில் கலக்கி சூப்பாகக் குடித்த கதையை அவர் கடைசிவரை சொல்லிச் சிரித்தார்.

அவருடைய முதல் முழுநீளப் படம் 1950ல் திரையிடப்பட்டது. இடம், வெயிலுக்குப் பேர்போன கலிபோர்னியாவின் பாஸடீனா. மேடையோரம் நின்று அவரே நேரடியாக வர்ணனை சொன்னார். பிறகு ஆண்டுதோறும் ஒரு படம், ஊர் ஊராகப் பயணம். இந்த ஆண்டு செய்யாவிட்டால் அடுத்த முறை உங்களுக்கு ஒரு வயது கூடியிருக்கும் என்பது அவர் ரசிகர்களுக்குச் சொல்லிவந்த அறிவுரை. 2018 ஜனவரியில் 93 வயதில் அவர் இறந்தார். அவர் பெயரில் வரும் படவரிசை நிற்கவில்லை. 75வது படம் 2024 இலையுதிர்காலத்தில் சுற்றுப்பயணம் போனது.

மில்லரின் படங்கள் குடும்பத்தோடு பார்த்துச் சிரிக்கக்கூடியவை. 1988ல் கிரெக் ஸ்டம்ப் எடுத்த படம் பாதையை மாற்றியது. பிரான்ஸின் ஷாமொனியில், தவறினால் பிழைக்க முடியாத சரிவுகளில், தலைமுடியைச் சேவல் கொண்டைபோல நிறுத்திய க்ளென் ப்ளேக் இறங்கினார். இளைஞர்களுக்குப் பித்துப் பிடித்தது. 1992ல் கொலராடோவில் மேட்ச்ஸ்டிக் நிறுவனம் தொடங்கியது. 1995ல் ஜாக்ஸனில் டாட் ஜோன்ஸ், ஸ்டீவ் ஜோன்ஸ் சகோதரர்கள் நண்பர்களுடன் சேர்ந்து டீட்டன் கிராவிட்டி ரிசர்ச் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அலாஸ்காவில் மீன்பிடி படகுகளில் உழைத்துச் சம்பாதித்த காசு அதற்கு உதவியது. முதல் படம் 1996ல் வந்தது. ஜாக்ஸனில் பிறந்த ஸ்னோபோர்டு வீரர் ட்ராவிஸ் ரைஸின் 'தி ஆர்ட் ஆஃப் ஃப்ளைட்' 2011ல் வந்தபோது, ஹெலிகாப்டர்களும் அதிநவீன கேமராக்களும் சேர்ந்து இந்தப் படங்களின் பிரமாண்டத்தை வேறு தளத்துக்குக் கொண்டுபோயிருந்தன.

பிரமாண்டத்துக்கு விலையும் உண்டு. போன ஆண்டு பார்த்ததைவிட உயரமான பாறை, செங்குத்தான சரிவு. அரங்கு எதற்கு அதிகமாகக் கைதட்டுகிறது என்பது வீரர்களுக்குத் தெரியும். ஷேன் மெக்காங்கி இந்தத் துறையின் செல்லப்பிள்ளை. வேடிக்கையான மனிதர், அகலமான சறுக்குக் கட்டைகளைப் பரவலாக்கியவர். 2009 மார்ச் 26 அன்று இத்தாலியின் டாலமைட் மலையில் படப்பிடிப்பின்போது பாறை விளிம்பிலிருந்து குதித்தார். அந்தரத்தில் கட்டைகளைக் கழற்றிவிட்டு, பாராசூட்டை விரிப்பது திட்டம். கட்டைகள் உரிய நேரத்தில் கழலவில்லை. அவருக்கு வயது 39. மனைவியும் சின்னஞ்சிறு மகளும் இருந்தார்கள். 2013ல் அவரைப் பற்றிய ஆவணப்படம் நியூயார்க்கின் ட்ரைபெக்கா விழாவில் முதன்முதலாகக் காட்டப்பட்டது. 2014 செப்டம்பரில், புதுப் படங்கள் அரங்கேறும் அதே பருவத்தில், ஜே.பி. ஆக்லேரும் ஆந்த்ரேயாஸ் ஃப்ரான்ஸனும் தென் அமெரிக்காவில் பனிச்சரிவில் இறந்தார்கள். போனவர்கள் திரையில் மீண்டும் சறுக்கி வரும்போது அரங்கு கைதட்டுகிறது. அந்தக் கைதட்டலுக்கும் இந்தச் சாவுகளுக்கும் சம்பந்தமே இல்லை என்று யாராலும் சொல்லிவிட முடியாது.

இன்னொரு கவலை மலைக்கே உரியது. டாட், ஸ்டீவின் தம்பி ஜெரமி ஜோன்ஸ் பெரும்புகழ் பெற்ற ஸ்னோபோர்டு வீரர். ஆண்டுக்காண்டு பனி குறைவதைக் கண்டு 2007ல் 'ப்ரொடெக்ட் அவர் விண்டர்ஸ்' என்ற அமைப்பைத் தொடங்கினார். பனியைக் கொண்டாடும் படத்துக்காக ஹெலிகாப்டரில் எரிபொருளை எரிப்பது அவருக்கு உறுத்தியது. 2010ல் தொடங்கிய மூன்று பட வரிசையில் ஹெலிகாப்டரை ஒதுக்கிவிட்டு, பலகையைச் சுமந்து கால்நடையாகவே ஏறி இறங்கினார். எல்லோரும் அவர் வழியில் போய்விடவில்லை. பனியின் நிச்சயமின்மையோ எங்கும் பரவிவிட்டது. நமது குல்மார்க்கிலேயே 2025 பிப்ரவரியில் நடக்க வேண்டிய கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகள் போதிய பனி இல்லாததால் மார்ச்சுக்குத் தள்ளிப்போயின.

சறுக்கும் காட்சிகள் இன்று கைபேசியிலேயே இலவசமாகக் கொட்டிக் கிடக்கின்றன. படத்துக்காக மட்டும் யாரும் அரங்குக்கு வரத் தேவையில்லை. ஆனாலும் வருகிறார்கள். குளிர்காலம் வரப்போகிறது என்று சேர்ந்து நம்புவதற்கு ஆட்கள் வேண்டியிருக்கிறது. வாரன் மில்லர் பட டிக்கெட்டோடு ஏதாவதொரு மலையின் லிஃப்ட் சீட்டை இலவசமாகத் தருவது நெடுநாள் வழக்கம். ரசிகர்கள் அதைப் பத்திரமாகப் பையில் வைத்துக்கொண்டு வீடு திரும்புகிறார்கள். அது செல்லுபடியாக ஒரே நிபந்தனை, பனி விழ வேண்டும்.