பக்கத்தில் ஒரு ஆணி

செகந்திராபாத் மாரேட்பள்ளியில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டில், கூடத்துச் சுவரில் ஒரு ஆணி இருந்தது. அதில் என் மகளின் ஸ்கூல் பை தொங்கும். நீலப் பை. ஜிப்பின் பிடி உடைந்துபோய், அந்த இடத்தில் ஒரு சேஃப்டி பின் கோத்திருந்தாள் என் மனைவி. 2001 ஆகஸ்டில், மூன்று நாள் காய்ச்சலில், ஏழு வயதில் மகள் போய்விட்டாள். கடைசியாக அந்தப் பையை மாட்டியது அவள் கை என்பதால் யாரையும் அதைத் தொட நான் விடவில்லை. ஆறு வருஷம் அது அங்கே தனியாகவே தொங்கியது.

அவள் தம்பிக்கு அப்போது இரண்டு வயது. அவனும் வளர்ந்து பள்ளிக்கூடம் போனான். அவன் பை செருப்புக்குப் பக்கத்தில் தரையில் கிடக்கும். அது என் கண்ணில் பட்டதே இல்லை.

நான் கணக்கு எழுதுகிறவன். நாசரேத் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து 1993ல் வேலைக்காக இங்கே வந்தேன். மெட்ராஸ் ராணுவத்தோடு வந்து தங்கிவிட்ட தமிழர்கள் காலத்திலிருந்தே இந்த ஊரில் தமிழ் ஆராதனை உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே போய் உட்கார்ந்தால் சொந்த ஊர் மாதிரி இருக்கும். மகளை அடக்கம் செய்த நாளிலிருந்து பரலோகம் எனக்கு வெறும் வேதபாடமாக இல்லை. என் பிள்ளை குடியிருக்கிற ஊராகிவிட்டது. அந்த ஏக்கம் உண்மையானது. இன்றைக்கும் அதில் ஒரு துளி குறையவில்லை. ஆனால் அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்தேன் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

சபையில் என்னைச் சாட்சி சொல்லக் கூப்பிடுவார்கள். பிலிப்பியருக்கு எழுதின நிருபத்தின் முதல் அதிகாரத்தைத் திறப்பேன். விலங்கு பூட்டப்பட்டிருந்த பவுல், இந்த தேகத்தைவிட்டுப் போய் கிறிஸ்துவோடு இருக்க ஆசைப்படுகிறதாகச் சொல்லும் 23ஆம் வசனத்தை வாசித்து, என் மகளைப் பற்றிப் பேசுவேன். கேட்கிறவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். உங்களுக்காக நான் இங்கே இருப்பதுதான் அதிக அவசியம் என்று பவுல் எழுதுவது அதற்கு அடுத்த வசனத்தில். 24ஆம் வசனம். அதை ஒரு தடவைகூட நான் வாசித்ததில்லை. அதற்கு முன்னாலேயே பைபிளை மூடிவிடுவேன்.

வீட்டில் குழாய் ஒழுகும். நாம பரதேசிகள்தானே, எதுக்கு என்பேன். பதவி உயர்வுக்கு எழுத வேண்டிய பரீட்சையை எழுதவில்லை. இத்தனை வருஷம் இந்த ஊரில் இருந்தும் கறிகாய் வாங்குகிற அளவுக்குத்தான் தெலுங்கு. எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான். என் வீடு இங்கே இல்லை. அதே மகளைப் பெற்று அதே மகளைப் பறிகொடுத்த என் மனைவி அந்த ஆறு வருஷமும் காலை ஐந்து மணிக்கு எழுந்து எனக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்தாள். துக்கம் எனக்கு மட்டும் வந்ததாக நடந்துகொண்டேன். அவளிடம் மன்னிப்புக் கேட்கவே பல வருஷம் ஆயிற்று.

2007ல் ஒரு சனிக்கிழமை சாயங்காலம். அப்பா இறந்தபிறகு அம்மா எங்களோடு வந்திருந்தாள். சமையல்கட்டில் உளுந்து கழுவிக்கொண்டிருந்தாள். எட்டு வயது மகன் பக்கத்தில் உட்கார்ந்து அரிசி டப்பாவை உருட்டிக்கொண்டிருந்தான். நான் கூடத்தில் இருப்பது அவனுக்குத் தெரியாது. சாதாரணமாகத்தான் கேட்டான்.

"ஆச்சி, அப்பாக்கு அக்காகூட இருக்கத்தான ஆசை? என்கூட இல்லல்ல?"

உளுந்து கழுவுகிற சத்தம் நின்றது. பதிலே வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் தண்ணீரைக் கொட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

அன்றைக்கு ராத்திரி குடும்ப ஜெபம் முடிந்து எல்லாரும் படுத்தபிறகு அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஏல, ஒம் மவ ஆண்டவர்ட்ட இருக்கா. அவளுக்கு ஒரு கொறையும் இல்ல. இவனுக்குத்தான் அப்பன் இல்ல."

நான் பேசவில்லை.

"நானும் ரெண்ட மண்ணுக்குள்ள வச்சவதான். ஒனக்குச் சோறு பொங்காமலா இருந்தேன்?"

எனக்கு முன்னால் இரண்டு பிள்ளைகள் பிறந்து இறந்தது தெரியும். அதைப் பற்றி அம்மா என்னிடம் பேசியது அந்த ஒரு தடவைதான்.

மறுநாள் ஆராதனை முடிந்து வந்ததும் சுத்தியலை எடுத்தேன். மகளின் பையை எடுக்க எனக்கு மனம் வரவில்லை, இன்றுவரை வரவில்லை. அதற்குப் பக்கத்தில், ஒரு சாண் தள்ளி, இன்னொரு ஆணி அடித்தேன். மகன் ஒன்றும் கேட்காமல் தன் பையைக் கொண்டுவந்து மாட்டினான். மாட்டிவிட்டு இரண்டு பையையும் ஒருதரம் தொட்டுப் பார்த்தான்.

சின்ன வயதில் அப்பா எனக்குச் சொன்ன கதை மோட்சப் பிரயாணம். 1678ல் ஜான் பனியன் எழுதியது; அதைத் தழுவித்தான் எங்கள் சீமைக் கவிஞர் எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை 1894ல் இரட்சணிய யாத்திரிகம் பாடினார். பனியன் கதையில் கிறிஸ்தியான் மனைவி பிள்ளைகள் கூப்பிடக் கூப்பிட இரண்டு காதிலும் விரலை வைத்துக்கொண்டு நித்திய ஜீவனைத் தேடி ஓடுவான். அந்த ஓட்டம்தான் எனக்குப் பிடித்த இடம். பனியன் 1684ல் இரண்டாம் பாகமும் எழுதினார். விட்டுவிட்டுப் போன மனைவி கிறிஸ்தியானாள், நாலு பையன்களையும் கூட்டிக்கொண்டு அதே வழியில், பிள்ளைகள் நடக்கிற வேகத்தில் நடந்து அதே பட்டணத்துக்குப் போய்ச் சேருகிறாள். நாற்பது வயதுக்குமேல்தான் அந்தப் பாகத்தைப் படித்தேன்.

அம்மாவுக்கு வெள்ளாளன்விளை அசரியா பேராயர் மேல் தனிப் பெருமை. ஊருக்குப் போகும்போது சார்மினார் எக்ஸ்பிரஸ் ராத்திரியில் தோர்ணக்கல் ஜங்ஷனைத் தாண்டும். அதற்கு முன்னாலேயே என்னை எழுப்பி ஜன்னல் வழியே இருட்டைக் காட்டுவாள். அன்றைய நிஜாம் ராஜ்யத்தில் இருந்த அந்த ஊருக்கு 1909ல் மிஷனரியாகப் போனவர் அசரியா. 1912ல் இந்தியரில் முதல் ஆங்கிலிக்கன் பேராயர் ஆனார். தெலுங்கு கற்று, அந்த மக்களின் மொழியிலேயே பேசினார். அழுக்கு, நோய், கடன், குடி இந்த நாலையும் பிசாசுகள் என்று பிரசங்கித்தார். மோட்சத்தைப் பற்றி என்னைவிட நன்றாக அறிந்தவர், கிராமத்துத் தெரு சுத்தமாக இருக்கிறதா என்று பார்த்தார்.

நானும் தெலுங்கு படித்தேன். மகனின் மூன்றாம் வகுப்புப் புத்தகத்தை வைத்து, அவனிடமே. அதனால் எனக்குக் கிடைத்த ஒன்றைச் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டில் ஒரு தெலுங்குப் பாட்டியம்மா. வருஷக்கணக்காக என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஏதோ சொல்ல வருவார். நான் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுவேன். ஒருநாள் நின்று கேட்டேன். என் மகள் ஸ்கூல் விட்டு வந்ததும் நேராக அவர் வீட்டுக்குப் போய் ஆவக்காய்ச் சோறு சாப்பிடுவாளாம். நெய் விட்டுப் பிசைந்து உருட்டி வைத்தால்தான் சாப்பிடுவாளாம். வீட்டில் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறாள். என் பிள்ளையைப் பற்றி எனக்குத் தெரியாத ஒரு விஷயம், நடுவில் ஒரு சுவர் மட்டும் இருக்க, எட்டு வருஷம் எனக்காகக் காத்திருந்தது.

2009ல் சபையாரோடு மெதக் பேராலயம் போனோம். பஞ்ச காலத்தில் கட்ட வந்தவர்களுக்குச் சோறு போட்டு, பத்து வருஷம் போல வேலை நடத்தி, மிஷனரி போஸ்நெட் ஐயர் கட்டிமுடித்த கோயில். பிரதிஷ்டை 1924 கிறிஸ்துமஸ் அன்று. பீடத்துக்கு மேலே உள்ள வண்ணக் கண்ணாடியில் இயேசு பரமேறுகிற காட்சி. வெளிச்சம் வெளியே இருக்கும்வரைதான் உள்ளே அந்தப் படம் தெரியும். பொழுது சாயச் சாய நிறங்கள் ஒவ்வொன்றாக மங்கின. முன்பென்றால் கடைசி நிறம் போகும்வரை அங்கேயே நின்றிருப்பேன். அன்றைக்கு மகன் பசிக்கிறது என்றான். அண்ணாந்து பார்த்து நின்ற சீஷர்களிடம் ஏன் வானத்தைப் பார்க்கிறீர்கள் என்று வெள்ளை உடுத்திய இருவர் கேட்டதும், அவர்கள் எருசலேமுக்குத் திரும்பி நடந்ததும் நினைவுக்கு வந்தது. அவனைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்து புளிசாதப் பொட்டலத்தைப் பிரித்தேன்.

அம்மா 2012 பிப்ரவரியில் போனாள். ராத்திரி ஜெபம் பண்ணிப் படுத்தவள் காலையில் எழுந்திருக்கவில்லை. அவளைப்போல மோட்சத்துக்கு ஆசைப்பட்டவளை நான் பார்த்ததில்லை. தினமும் ஜெபத்தில் கேட்பாள். என் மனைவி அடுப்படிக்குள் போனபோது மேடையில் ஒரு பாத்திரம் தட்டு போட்டு மூடியிருந்தது. முந்தின ராத்திரி அம்மா ஊறப்போட்ட உளுந்து. பக்கத்தில் தனியாக அரிசி, கூடவே ஒரு கரண்டி வெந்தயம்.

கொட்ட மனமில்லாமல் அதை ஃபிரிட்ஜில் வைத்தாள். அடக்கம் முடிந்து திரும்பிய ராத்திரி, கிரைண்டரில் போட்டு ஆட்டினாள். மறுநாள் காலை ஊரிலிருந்து வந்த சொந்தக்காரர்களும் பக்கத்து வீட்டுப் பாட்டியம்மாவும் நாங்களுமாக, கூடத்தில் அந்த இரண்டு பைகளுக்குக் கீழே வரிசையாக உட்கார்ந்து, அந்த இட்லியைச் சாப்பிட்டோம். மகன் ஆறு சாப்பிட்டான்.